தூத்துக்குடியில் ஓர் அறையைச் சூடாக்கினோம்

தூத்துக்குடியில் ஓர் அறையைச் சூடாக்குவதற்காக நான் ஸ்காட்லாந்திலிருந்து வந்திறங்கினேன். எதற்குப் போகிறாய் என்று கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார். சென்னையில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திய பெண்கூடச் சிரித்தாள். வாகைக்குளம் விமான நிலையத்தில் என்னை அழைத்துப்போகக் காத்திருந்த ரெக்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. "சித்திரை மாசத்துல வந்திருக்கிய மேடம். சூடாக்கணும்னா ஜன்னலத் தொறந்து விட்டாலே போதும்லா" என்று முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொல்லிவிட்டு என் பெட்டியைத் தூக்கி வேனில் வைத்தார்.

நான் வேலை பார்க்கும் நிறுவனம் சின்னது. ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், மீன்பிடிப் படகுகள் நிற்கும் ஒரு சின்னத் துறைமுக ஊரில் இருக்கிறது. வீடுகளில் எண்ணெயும் எரிவாயுவும் எரிக்கிற பாய்லர்களைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் வைத்துக் கொடுப்பது தொழில். வெளியில் இருக்கும் காற்றிலிருந்து சூட்டை இறைத்து வீட்டுக்குள் கொண்டுவரும் எந்திரம் அது. ஒரு வீட்டின் சுவரும் ஜன்னலும் எவ்வளவு சூட்டை வெளியே ஒழுகவிடுகின்றன என்று அளந்து கணக்குப் போடுவது என் வேலை.

எங்களிடம் கேட்டு வருபவர்கள் அதிகம். வேலைக்கு ஆட்கள்தான் இல்லை. போன ஜனவரியில், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாவின் பாய்லர் செத்துப்போனது. அந்த அம்மா அடுப்பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சமையலறையிலேயே வாழ்ந்தார். தினமும் காலையில் தொலைபேசியில் கூப்பிட்டு, "இன்றைக்கும் ஆட்கள் வரமாட்டார்கள்" என்று சொல்லும் பொறுப்பு என்னுடையதாக இருந்தது. அவர் ஒருநாளும் கோபப்படவில்லை. "பரவாயில்லை கண்ணே, நீ குளிரில் வெளியே போகாதே" என்பார். மார்ச்சில்தான் போய் வைத்தோம். அந்தக் குளிர்காலம் முடிந்தபோது எனக்குள் எதுவோ தேய்ந்துபோயிருந்தது.

ஹீட் பம்ப் என்பது ஏசியைத் திருப்பிப் போட்டதுதான். அதனால் ஏசி மெக்கானிக்குகளைக் கூட்டிவந்து பழக்கிவிடலாம் என்று முதலாளிக்குத் தோன்றியது. "உன் ஊரில் கிடைப்பார்களே" என்றார். என் ஊர் திருச்சி. தெரிந்தவர்களின் தெரிந்தவர் வழியாகக் கிடைத்த ஆள் தூத்துக்குடியில் ஏசி பழுதுபார்க்கும் ரெக்ஸ். முதலாளிக்கு இரண்டு ஊரும் ஒன்றுதான். இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து வா என்று அனுப்பிவிட்டார்.

ஊருக்குள் நுழையும் முன்பே வேன் நின்றது. காற்றாலையின் ஓர் இறக்கையை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போன லாரி, வளைவில் திரும்ப முடியாமல் சாலையை அடைத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு நீளமான ஒரு பொருளை நான் தரையில் பார்த்ததில்லை. எங்கள் ஊர்க் கடலில் இவை தூரத்தில் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே பொம்மை மாதிரித் தெரியும். இங்கே ஓர் இறக்கை ஒரு தெருவை நிறைத்துக் கிடந்தது. பேருந்துக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "ஏலே, பின்னால எடுலே! வாலு கடைக்குள்ள போவுது பாரு!" என்று ஒருவர் கத்தினார். ரெக்ஸ் இறங்கிப்போய் ஓலைப் பட்டையில் பதநீர் வாங்கிவந்தார். இரண்டு பட்டை குடித்து முடித்தும் இறக்கை அசையவில்லை. சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினேன். விழித்தபோது விடுதி வாசலில் இருந்தேன்.

அறையில் ஏசி வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. பொழுது சாயும்போது ரெக்ஸ் வந்து, "வாங்க மேடம், நைட் கிளப்புக்குப் போயிட்டு வந்துருவோம்" என்றார். ஐம்பதைத் தாண்டிய நான் எடுத்த பையைத் திரும்ப வைத்தேன். இந்த ஊரில் புரோட்டாக் கடைக்கு அப்படிப் பெயராம். கல்லுக்கு முன்னால் நின்றவர் வியர்வை சொட்டச் சொட்ட புரோட்டாவை அடுக்கி இரண்டு கையாலும் அடித்து நொறுக்கினார். சால்னா நாக்கைப் பிடுங்கியது. பதினெட்டு வருஷமாக நான் இருக்கும் ஊரில் ஆறு மணிக்குக் கடைத்தெரு செத்துவிடும். இங்கே அந்த நேரத்துக்குத்தான் விளக்குகளையே போடுகிறார்கள். தூக்கத்தில் தலை தொங்க நான் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்து ரெக்ஸ், "மெதுவாத் தின்னுங்க மேடம், யாரும் பிடுங்கமாட்டாக" என்றார்.

மறுநாள் காலை பரீட்சை. துறைமுகச் சாலையை ஒட்டி ரெக்ஸின் ஏசி பழுதுபார்க்கும் கொட்டகை. தகரக் கூரைக்கு அடியில் பலகை வைத்து அடைத்து ஒரு சின்ன அறை. அதில்தான் எந்திரத்தை மாட்டி, சூடாக்கும் பக்கம் திருப்பி ஓடவிட வேண்டும். வெளியே கண்டெய்னர் லாரிகள் வாலோடு வால் ஒட்டி நின்றன. எங்கள் தலைமை மெக்கானிக் ஈயன், என் தொலைபேசித் திரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது விடிகாலை. கம்பளிச் சட்டையோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தார். அவர் பேசுவதைத் தமிழிலும், இவர்கள் பேசுவதை ஆங்கிலத்திலும் நான் சொல்ல வேண்டும். கைவேலையை அவர் எடைபோடுவார். ஆள் சரிப்படுவாரா என்பது என் முடிவு.

ரெக்ஸ் சேர்த்து வைத்திருந்த மெக்கானிக்குகளில் இரண்டு பேர் தேறுவார்கள் என்று முதல் அரைமணியிலேயே தெரிந்தது. ஒருவன் பிரிட்டோ. கடலோரக் கீழவைப்பார்க்காரன். துறைமுகத்தில் இறால் ஏற்றும் குளிர்பதனக் கண்டெய்னர்களுக்கு மெக்கானிக். சுறுசுறுப்பான பையன். "அங்கன கடல் பக்கமா இருக்குல்லா மேடம்? அப்பச் சரி" என்று அந்த ஒரு கேள்வியோடு குளிர் நாட்டை ஒப்புக்கொண்டுவிட்டான்.

இன்னொருவர் மொகுதூம். காயல்பட்டினத்துக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர். இருபது வருஷத்துக்குப் பக்கம் வளைகுடாவில் ஏசி வேலை செய்துவிட்டு, போன வருஷம் ஊர் திரும்பியிருந்தார். அதிகம் பேசவில்லை. செம்புக் குழாயைப் பற்றவைத்துத் திரைக்கு முன் தூக்கிக் காட்டியபோது ஈயன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்த ஆள் எப்போது வருகிறார்?" என்று மட்டும் கேட்டார்.

எந்திரத்தைச் சூடாக்கும் பக்கம் திருப்பினோம். ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த பலகை அறைக்குள் இன்னும் சூடாகக் காற்று ஊதியது. நானும் ரெக்ஸும் மூச்சு முட்டி வெளியே ஓடிவந்தோம். அங்கே ஒரு வேடிக்கை. கொட்டகைக்குப் பின்புறம் வைத்திருந்த வெளிப்பெட்டி, உள்ளே அனுப்புவதற்காக வெளிக்காற்றின் சூட்டை உறிஞ்சிவிட்டு மீதியைக் குளுகுளுவென்று ஊதிக்கொண்டிருந்தது. காத்திருந்து அலுத்த லாரி ஓட்டுநர்கள் அதற்கு முன்னால் கூடிவிட்டார்கள். ஒருவர் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "அண்ணாச்சி, நல்ல காத்து. இத ரோட்டுக்கு ஏன் ஊதிக்கிட்டு இருக்கிய? உள்ள திருப்பி விடக்கூடாதா?" என்று ரெக்ஸைக் கேட்டார்.

"குளிர உள்ள விட்டா அது ஏசி, அண்ணாச்சி. நாங்க சூட்ட உள்ள விடப் பாக்கோம்" என்றார் ரெக்ஸ்.

ஓட்டுநர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு மறுபடி முதுகைக் காட்டினார். சிறிது நேரத்தில் எந்திரம் தானாக நின்றது. "இந்த வெயில்ல இது தாங்காது, மிஷினே போதும்ங்குது" என்றார் மொகுதூம். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

மத்தியானம் சாலையோரக் கடையில் தேநீர் குடிக்கும்போது அவர் என் எதிரில் வந்து நின்றார். ரெக்ஸ் சற்றுத் தள்ளித் தொலைபேசியில் இருந்தார்.

"மேடம், ஒரு உதவி. என்னய வேண்டாம்னு சொல்லிருங்க."

புரியவில்லை. "வேலை பிடிக்கவில்லையா?"

"வேல நல்ல வேலதான். எனக்குப் போவ மனசில்ல. வீட்டுல எல்லாரும் சந்தோசமா இருக்காக. மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சு மருமகனும் எங்க வீட்டுலதான். அவுக முன்னால நின்னு நான் போவலன்னு எப்படிச் சொல்ல? நீங்க தேறலன்னு சொல்லிட்டா முடிஞ்சு போச்சு."

"இவ்வளவு நன்றாகச் செய்துவிட்டு?"

"கைய கெடுத்து வேல செய்ய எனக்கு வரல மேடம்." தேநீர்க் குவளையைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். "எங்க வீட்டுல எந்த சுவிட்சப் போட்டா எந்த லைட்டு எரியும்னு இப்பதான் எனக்குப் பழகியிருக்கு. முந்தியெல்லாம் லீவுல வந்து தடவிக்கிட்டு நிப்பேன். பழகுறதுக்குள்ள டிக்கெட் வந்துரும்."

சரி என்றேன். நியாயம் யோசித்துச் சொன்ன சரி இல்லை. களைப்பில் சொன்னது. எனக்கும் ஒரு காலத்தில் எந்த வீட்டிலும் எந்த விளக்குக்கு எந்த சுவிட்ச் என்று தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். ஈயனிடம் ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம், வேறு ஆள் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் மொகுதூமின் வீட்டில் எனக்குச் சாப்பாடு. பரீட்சைக்கு முன்பே அவர் மனைவி ரெக்ஸிடம் சொல்லி வைத்திருந்த அழைப்பு. தட்டமுடியவில்லை. ரெக்ஸுக்குத் துறைமுகத்துக்குள் ஏதோ அவசர வேலை. தனியாகத் திருச்செந்தூர் பேருந்தில் ஏறினேன். பழையகாயல் தாண்டும்வரை ஜன்னல் காற்று முகத்தில் அறைந்தது. ஆறுமுகநேரி நெருங்கும்போது, காயல்பட்டினம் எப்போது வரும் என்று நடத்துநரிடம் கேட்டேன்.

"காயலுக்கா? இது அடைக்கலாபுரம் வழியால்லா போவுது. ஏறும்போதே கேட்டிருக்கணும்லா" என்று விசிலை ஊதி என்னை வெயிலில் இறக்கிவிட்டார்.

பெட்டிக்கடை நிழலில் நின்றேன். ஊரைத் தாண்டிக் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம். அந்த வெள்ளையைப் பார்க்க முடியாமல் கண் தானாக மூடிக்கொண்டது. எங்கள் ஊரில் பனி விழுந்த மறுநாள் இப்படித்தான் இருக்கும், ஆனால் அங்கே காது வலிக்கும், இங்கே மண்டை வெடிக்கிறது. ஓர் ஆட்டோ கிடைத்தது. அதுவும் பாதி வழியில் இருமி நின்றது. ஓட்டுநர் இறங்கி, சீட்டைத் தூக்கி, எதையோ ஊதிப் பார்த்தார். "செத்த நேரம் இருங்க அக்கா, இது கோவிச்சுக்கிடும், பொறவு தானா வந்துரும்" என்றார். அவர் சொன்னபடியே கோபம் தணிந்து வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம் கடந்திருந்தது. யாரும் சாப்பிட்டிருக்கவில்லை.

தெருவில் எதிர்பார்த்து நின்ற மொகுதூமின் மகள் என்னை முன்வாசலுக்குக் கூட்டிப்போகவில்லை. வீடுகளுக்குப் பின்னால், பெண்கள் போய்வருவதற்கென்றே விட்டிருக்கும் ஒடுங்கிய சந்துக்குள் அழைத்துப்போனாள். இருபுறமும் உயர்ந்த சுவர். நல்ல குளிர்ச்சி. ஒரு வளைவு, இன்னொரு வளைவு, பிறகு ஒரு கதவு. உள்ளே மொகுதூமின் மனைவி ஆமினா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வாங்க லாத்தா. வெயில்ல காஞ்சு போயிட்டியளே" என்றார். அக்காவை அங்கே லாத்தா என்கிறார்கள்.

பெண்கள் எல்லாரும் ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, கத்திரிக்காயும் மாங்காயும் சேர்த்து வைத்த ஒரு பதார்த்தம். ஒரே தட்டில் பலரோடு சாப்பிடுவது எனக்குப் பழக்கமில்லை. என் பக்கம் கறி தீரத் தீர எங்கிருந்தோ வந்து விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் தம்மடை என்று ஓர் இனிப்பு. அந்த மாதத்தில் முதல்முறையாக நான் வயிறார உண்டேன்.

மற்றவர்கள் எழுந்துபோன பிறகு ஆமினா என்னை விடவில்லை. கேள்வி மேல் கேள்வி.

"அவுக மாட்டப்போற மிஷினு குளிர்லேருந்து சூட்ட எடுக்கும்ங்காக. குளிர்ல ஏது லாத்தா சூடு?"

"நமக்குத்தான் அது குளிர். அதைவிடக் குளிர்ந்த ஒன்றை அந்தக் காற்றுக்குப் பக்கத்தில் வைத்தால், அதற்கு அந்தக் காற்றே சூடு. அது வாங்கிக்கொள்ளும். வாங்கியதை அழுத்தினால் இன்னும் சூடாகும். அதை வீட்டுக்குள் கொண்டுபோய் விடுகிறோம். கிணற்றில் கிடக்கும் தண்ணீரை மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுகிற மாதிரி."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப, ஐஸவிடக் குளிரா ஒண்ணு இருந்தா, ஐஸுகூட அதுக்குச் சூடுதான்."

"அதேதான்."

"எதையும் எரிக்கவே மாட்டியளா?"

"வீட்டில் எதுவும் எரியாது. கரண்ட் மட்டும். எங்கள் கடலில் காற்றாலைகள் நிற்கின்றன. காற்று அடிக்கிற நாளில் அதிலிருந்து வருகிறது. அடிக்காத நாளில் வேறு எங்கிருந்தாவது வரும்."

அதற்குப் பிறகு வந்த கேள்விகள் எந்திரத்தைப் பற்றியவை இல்லை. கடைக்கு எவ்வளவு தூரம், பெண்கள் தனியாக நடந்து போவார்களா, மழையில் என்ன போட்டுக்கொள்வது, கடலைப் பார்க்கிற மாதிரி உட்கார இடம் இருக்கிறதா. நான் பதில் சொல்லிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றேன். போகப்போகிற ஒருவர் கேட்கிற கேள்விகள் இவை.

"நீங்களும் வருவதாக இருக்கிறீர்களா?" என்றேன்.

"பின்ன? அங்கன குடும்பத்தக் கூட்டிக்கிடலாம்னு ரெக்ஸ் அண்ணன் சொன்னாகளே. அவுக இருந்த ஊருக்கெல்லாம் நாங்க போவ முடியாது. ஆறேழு பேரு ஒரு ரூம்புல கிடந்தாக. அந்த ரூம்பு, அந்தக் கட்டிலு, ஜன்னலுக்கு வெளிய ஒரு பாலம், எல்லாம் போன்லதான் பாத்தேன். போன வைக்கவும் எல்லாம் போயிரும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பரீட்ச என்னாச்சு லாத்தா? கேட்டா ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்காக."

பொய் சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பியிருந்தேன். வாயில் வரவில்லை. உண்மையையும் சொல்ல முடியாது, அது என்னுடையதில்லை. "நீங்கள் அவரிடமே பேசுங்கள்" என்றேன்.

ஆமினா என்னையே பார்த்தார். கெட்டிக்காரப் பெண். ஒரு நொடிக்கு மேல் ஆகவில்லை. "ஓ" என்றார். "அவுக உங்ககிட்டப் பேசிட்டாகளா."

எழுந்துபோய் முன்கட்டிலிருந்த கணவரைக் கூப்பிட்டார். நான் கிளம்புகிறேன் என்று எழுந்தேன். "இருங்க லாத்தா, தேயில போட்டிருக்கு" என்று தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டார். அந்த அறையில் நான் உட்கார்ந்திருந்த சங்கடத்தை இப்போதும் நினைத்தால் கூசுகிறது.

மொகுதூம் வந்து கதவருகில் நின்றார். என் முகத்தையும் மனைவி முகத்தையும் பார்த்தார். அவருக்கும் விளங்கிவிட்டது.

"இத்தன வருசம் கழிச்சு இப்பதான் வீட்டுக்கு வந்திருக்கேன், ஆமினா" என்றார்.

"வந்துட்டிய. நான் எப்ப வெளிய போவேன்?"

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க போன இடத்துல எல்லாம் வெயிலு, கஷ்டம், எனக்குத் தெரியும். அழுதிருக்கேன். ஆனா ஒவ்வொரு தடவயும் ஊரு புதுசு, ரோடு புதுசு, ஆளு புதுசு. எனக்கு இந்தச் சந்து. கண்ணக் கட்டிவிட்டாலும் எந்த வீட்டுக்கும் போயிருவேன். அப்பல்லாம் பிள்ளைய சின்னது, சரின்னு இருந்தேன். இப்ப என்ன இருக்கு?"

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல? தெனமும் பேசுனோமே."

"என்ன பேசுனோம்? சாப்ட்டியளா, தூங்குனியளா, கரண்டு இருக்கா. அதுக்குள்ள போன் கார்டு தீந்துரும்."

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. மொகுதூம் தலையில் தொப்பியை வைத்துக்கொண்டு தொழப் போனார். ஆமினா எனக்கு இஞ்சி போட்ட தேநீர் ஊற்றினார். இருவரும் குடித்து முடித்தோம்.

திரும்பும்போது சரியான பேருந்து கிடைத்தது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தொலைவில் தெரியும்வரை வெளியே எதையும் பார்க்கவில்லை. ஒரு வீட்டில் எத்தனை சூடு எந்தச் சுவர் வழியாக ஒழுகுகிறது என்று கணக்குப் போடத் தெரிந்தவள் நான். அந்த வீட்டில் எனக்குத் தெரிந்த எதுவும் உதவவில்லை.

நாலாம் நாள் காலை கொட்டகையில் பிரிட்டோவிடம் தேறிவிட்டாய் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, ஓர் ஆட்டோ வந்து நின்றது. மொகுதூம் இறங்கினார். பின்னால் ஆமினா. லாரிகளுக்கும் புழுதிக்கும் நடுவில், முக்காட்டைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, கண்டெய்னர்களை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். இத்தனை வருஷத்தில் துறைமுகச் சாலைக்கு வந்தது அதுதான் முதல் தடவை என்றார்.

"உங்களச் சங்கடத்துல மாட்டிவிட்டுட்டேன் மேடம்" என்றார் மொகுதூம். "முந்தாநாள் சொன்னத விட்டுருங்க. நான் வாரேன். ஆனா ஒண்ணு. ரெண்டு பேரும் சேந்து ஒரே நாள்ல வாரோம். நான் முன்னால போயி அவ பின்னால வாரதுன்னா வேண்டாம்."

"உங்களுக்கு மனசு வந்துவிட்டதா?"

"இல்ல" என்றார். "எனக்கு இப்பவும் மனசில்ல. ஆனா அவ சொன்னதுல ஒண்ணுக்கும் எங்கிட்டப் பதில் இல்ல."

முதலாளியைக் கூப்பிட்டேன். முதலில் ஆள் வரட்டும், மற்றவர்களோடு தங்கட்டும், ஆறேழு மாதம் கழித்துக் குடும்பத்தை அழைத்துக்கொள்ளட்டும் என்பது அவர் போட்டு வைத்திருந்த ஏற்பாடு. நான் அவரிடம் எதற்கும் வாதாடியதில்லை. அன்றைக்கும் வாதாடத் தெம்பில்லை. "அப்படியென்றால் இந்த ஆள் கிடையாது" என்று மட்டும் சொன்னேன்.

"தேறினார் என்றாரே ஈயன்?"

"தேறினார். தனியாக வரமாட்டார்."

"எங்கே தங்க வைப்பாய்?"

"நம் கிடங்குக்கு மேலே இருக்கிற வீடு சும்மாதானே கிடக்கிறது."

"அதில் வடக்குச் சுவர் வழியாகச் சூடு ஒழுகுகிறது என்று நீதானே எழுதிக் கொடுத்தாய்?"

"சரிசெய்வோம். செய்கிற தொழில் அதுதானே நமக்கு."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "நீயே பார்த்துக்கொள்வதானால் சரி" என்றார். ஆக அதுவும் என் தலையில் விழுந்தது. ரெக்ஸ் எல்லாருக்கும் மக்ரூன் வாங்கி வரச் சொன்னார். முந்திரியும் சர்க்கரையும் வாயில் வைத்ததும் கரைந்தன. ஆமினா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல், துறைமுகத்துக்குள் போகும் லாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இலையுதிர் காலத்தில் மூவரும் ஸ்காட்லாந்து வந்து சேர்ந்தார்கள். பிரிட்டோ ஒரு வாரத்தில் ஊர்ப் படகுக்காரர்களின் சிநேகிதனாகிவிட்டான். மொகுதூமுக்குக் கைவேலை சொல்லித்தர எதுவும் இருக்கவில்லை. பொறுமைதான் பழக வேண்டியிருந்தது. வளைகுடாவில் எந்திரத்தைப் போட்ட உடனே அறை குளிர வேண்டும், இல்லையென்றால் வசவு. இங்கே குறைந்த சூட்டில் நாள் முழுக்க ஓடவிட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. ஒருநாள் ஒரு வீட்டுக்காரர் பதறிப்போய்க் கூப்பிட்டார், வெளிப்பெட்டி புகைகிறதாம். மொகுதூம் போனார். பெட்டியில் படிந்த உறைபனியை எந்திரம் தானே உருக்கிக்கொண்டிருந்தது, கிளம்பியது நீராவி. அதைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு, அவர்கள் வீட்டு மேசையில் தேநீரும் குடித்துவிட்டு வந்தார்.

எனக்குக் கவலை ஆமினாவைப் பற்றித்தான். நவம்பரில் மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கணவர் காலையில் போனால் மாலையில்தான் திரும்புவார். கிடங்கு மாடியில் வடக்குச் சுவருக்கு நாங்கள் புதிதாகச் சூடு காக்கும் அட்டை அடித்திருந்தோம், வீடு கதகதப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் ஓர் அடைப்பிலிருந்து கூட்டிவந்து இன்னோர் அடைப்பில் போட்டுவிட்டேனோ என்று இருந்தது. போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன். வேலை முடிந்தால் கார் என் வீட்டுக்குத்தான் திரும்பும்.

டிசம்பரில் ஒரு மத்தியானம் ஒரு வீட்டை அளந்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். வானம் கறுத்து ஆலங்கட்டி கொட்ட ஆரம்பித்தது. துறைமுகச் சுவரை ஒட்டிய பாதையில் ஈ காக்கை இல்லை. ஒரே ஓர் ஆள் மட்டும் காற்றுக்கு எதிராகச் சாய்ந்து நடந்து போய்க்கொண்டிருந்தது. முழங்காலைத் தாண்டித் தொங்கும் ஆண்பிள்ளை மழைக்கோட்டு. கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிய முக்காடு. கிட்டப்போய்க் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன். ஆமினா. மூக்கும் கன்னமும் சிவந்திருந்தன. முகத்தில் பட்ட ஆலங்கட்டியைத் துடைக்கக்கூட இல்லை.

"ஏறுங்கள்! எங்கே போகிறீர்கள் இந்த மழையில்?" என்று கத்தினேன்.

"எங்கயுமில்ல லாத்தா" என்றார். மூச்சு வாங்கச் சிரித்தார். "நீங்க போங்க. நான் நடக்குதேன்."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவர் வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு காரை எடுத்தேன். அன்றைக்கு இன்னும் இரண்டு வீடுகள் அளக்க வேண்டியிருந்தது.